மேலே ஒன்றும் எழுதாதது

பெயர் உச்சியில், மாம்பழ மஞ்சளில்: கனிமுரசு.
கடைசி எழுத்தின் வளைவு
கெம்பம்மாவின் கொண்டைக்குப் பின்னால் ஒளிந்தால் அழகு.
தன் பெயரை ஒரு தலை மறைக்கலாம் என்று
விட்டுக்கொடுக்கிற பத்திரிகைக்கு
தன்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று பொருள்.
எங்களுக்கு இன்னும் வரவில்லை.
"எழுத்து முழுசாத் தெரியட்டும், தலைய இறக்கு"
என்றார் ஆசிரியர் குப்புராஜ்.
இறக்கினேன்.

ராயக்கோட்டை மேம்பாலத்தை ஒட்டிய மாடி.
லாரி போகும்போதெல்லாம் மவுஸ் நடுங்கும்.

கண்கள் வாங்குகிறவரைப் பார்க்க வேண்டும்.
கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக் கடையில்
கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும்போது
ஓசூர் வண்டிக்கு ஓடுகிறவனை
முகம்தான் நிறுத்தும், மாங்காய் நிறுத்தாது.
கெம்பம்மாவோ கேமராவையே பார்க்கவில்லை.
பெல்ட்டில் வருகிற பெங்களூராவில்
அழுகல் எது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.
நாற்பது படத்தில் ஒன்றில் மட்டும்
சூப்பர்வைசர் அதட்டியதால் நிமிர்ந்திருந்தாள்.
அந்தத் திடுக்கிடலைத்தான்
'தன்னம்பிக்கைப் பார்வை' என்று
உள்ளே ஆறாம் பக்கத்தில் எழுதியிருக்கிறோம்.

பிறகு வார்த்தைகள்.
"கூலிப் பெண் டு குழுத் தலைவி!!"
இந்த 'டு'வை எங்கே பிடித்தோமோ,
மாதா மாதம் அட்டையில் யாரோ ஒருவர்
எங்கிருந்தோ எங்கோ போய்க்கொண்டே இருக்கிறார்.
முதல் ஆச்சரியக்குறி என்னுடையது.
இரண்டாவது, ஆசிரியர் கொசுறு.
அதன்கீழ், "தோத்தாபுரி விலை சரியுமா?"
அது சரிந்து பத்து நாளாகியிருந்தது.
கேள்விக்குறி போட்டுவிட்டால்
நாம் எதுவும் சொன்னதாக ஆகாது.
அடியில், பொடி எழுத்தில்,
"தத்துப்பூச்சிக்கு மருந்து, பக்கம் 14."
மொத்த அட்டையிலும் உபயோகமான வரி அதுதான்.

"முகத்துல கறுப்பக் கொஞ்சம் எடும்மா."
முப்பதிலிருந்து பதினெட்டுக்கு இழுத்தேன்.
பழத்துக்குப் போட்ட மஞ்சள்
அவள் கன்னத்திலும் கொஞ்சம் சிந்தியது.

கடைசியாக விலை நட்சத்திரம்.
சிவப்பு, பன்னிரண்டு முனை, நடுவில் ரூ.25.
எப்போதும் இடது மூலைதான் அதன் இடம்.
இந்த இதழில் வலப்பக்கம் நகர்த்தினேன்.
அங்கே அவளுடைய வலது கை.
அதில் இரண்டு விரல்களை
போன சீசனில் பல்ப்பர் எடுத்துக்கொண்டது.
மறைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
வலப்பக்கம் கனம் குறைகிறது,
வடிவமைப்பு கேட்கிறது என்று
தனியாக இருந்த அறையில் வாய்விட்டுச் சொன்னேன்.

இதழ் வந்த நாலாம் நாள் படியேறி வந்தாள்.
வீட்டில் கன்னடம். தமிழை எழுத்துக்கூட்டுவாள்.
கூ, லி என்று தொடங்கி
அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.
பிறகு நட்சத்திரத்தை நகத்தால் சுரண்டினாள்,
ஏற்றுமதிப் பழத்தின் ஸ்டிக்கரைப் போல.
லேமினேஷன். நகம் வழுக்கியது.
இன்னொரு முறை சுரண்டிப் பார்த்தாள்.
"மேல ஒண்ணும் எழுதாத போட்டோ இருக்குதாம்மா?"

கோப்பைத் திறந்தேன்.
ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில்
ஒரு குட்டிக் கண் இருக்கும். அழுத்தினால் மூடிக்கொள்ளும்.
பார்கோடு போனது. தத்துப்பூச்சி போனது.
டு போனது, கொசுறும் சேர்ந்து.
கனிமுரசு போன இடத்தில்
ஃபேக்டரியின் தகரக் கூரை தெரிந்தது.
மஞ்சள் வடிந்தது.
நட்சத்திரத்தின் கண்ணுக்கு வந்தபோது
விரல் கொஞ்சம் நின்றது.
மூடினேன்.
எல்லாவற்றுக்கும் அடியில்
பூட்டுப் படம் போட்ட ஒரே ஓர் அடுக்கு.
மென்பொருள் தானாக வைத்த பெயர்: பேக்ரவுண்ட்.
அதில்தான் கெம்பம்மா இருந்தாள்.

கையை அவள் பார்க்கவே இல்லை.
"ஜாக்கெட்டு எங்க சிக்கம்மாளோடது.
படம் புடிக்கிற நாள்னு வாங்கிப் போட்டேன்.
நல்லா வந்துச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

கீழ்க்கடை ஸ்டுடியோவில்
போஸ்ட்கார்டு அளவில் ஒன்று போட்டோம்.
நான் தருகிறேன் என்றதற்குத் தலையாட்டி மறுத்து
பன்னிரண்டு ரூபாயைச் சில்லறையாக எண்ணி வைத்தாள்.
கண்ணாடி மேசைமேல் ஒவ்வொரு காசும்
தனித்தனியாகச் சத்தம் போட்டது.
படத்தை ஓரம் பிடித்துத் தூக்கி
ஈரமா என்று ஊதிப் பார்த்துவிட்டு
சிக்கம்மாள் பக்கமாக நடந்து போனாள்.